இரண்டு பூச்சியங்கள் கையொப்பமான கதை: ஜாவாவின் நிரல் நூலகத்தில் விடுபட்ட ஒரு சோதனை

2022 ஏப்ரல் 19 அன்று, ஜாவா நிரல்மொழியைப் பராமரிக்கும் ஆரக்கிள் நிறுவனம் தன் காலாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டது. நூற்றுக்கணக்கான திருத்தங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் சிவிஇ-2022-21449 என்ற எண்ணுடைய ஒன்று (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்), பார்வைக்கு மற்றவற்றைப் போலவே இருந்தது. அதைக் கண்டறிந்து முந்தைய நவம்பரிலேயே ஆரக்கிளுக்குத் தெரிவித்திருந்த நீல் மேடன் என்ற பாதுகாப்பு வல்லுநர் அதே நாளில் தன் விளக்கத்தை வெளியிட்ட பிறகே அதன் கனம் வெளியே தெரிந்தது. ஜாவா 15 முதல் 18 வரையிலான பதிப்புகளில், ஈசிடிஎஸ்ஏ என்னும் முறையில் இடப்பட்ட டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது ஒரு செய்தி உரியவரிடமிருந்தே வந்தது என்பதற்குச் சான்றாக அதோடு வரும் எண்களைச் சரிபார்க்கும் பகுதி, இரண்டு பூச்சியங்களை மட்டுமே கொண்ட வெற்றுக் கையொப்பத்தைச் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. செய்தி எதுவாக இருந்தாலும், யாருடைய பொதுச்சாவியை வைத்துச் சரிபார்த்தாலும், விடை ஒன்றுதான்: கையொப்பம் சரி.

பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகனிடம் ஒரு வெற்றுத்தாள் இருக்கும். காவலாளியிடம் அதை நீட்டினால், காவலாளி எதைப் பார்க்க எதிர்பார்க்கிறாரோ அந்த அடையாளச் சீட்டாகவே அது அவர் கண்ணுக்குத் தெரியும். 'சைக்கிக் பேப்பர்' எனப்படும் அந்தத் தாளின் பெயரைத் தழுவி, மேடன் இந்தப் பிழைக்கு 'சைக்கிக் சிக்னேச்சர்ஸ்' என்று பெயர் வைத்தார். பொருத்தமான பெயர்தான். ஆனால் வெற்றுத்தாளைக் காட்டினால் காவலாளி ஏன் நம்பினார் என்பதைத் தெரிந்துகொள்ள, கையொப்பம் சரிபார்க்கப்படும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கணக்கு கடினமானதன்று, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும்.

நீள்வட்ட வளைவு என்று அழைக்கப்படும் ஒரு சமன்பாட்டின் மேல் இருக்கும் புள்ளிகளை ஒன்றோடொன்று கூட்டலாம். ஒரு புள்ளியை ஓர் எண்ணால் பெருக்கவும் செய்யலாம். எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடிப்படைப் புள்ளி உண்டு. அதை ஒரு ரகசிய எண்ணால் பெருக்கினால் வேறொரு புள்ளி கிடைக்கும். ரகசிய எண் தனிச்சாவி. கிடைத்த புள்ளி பொதுச்சாவி. பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவியைத் திரும்பக் கண்டுபிடிக்க நடைமுறையில் இயலாது என்பதே இந்த முறையின் முழு அடித்தளம். கணக்குகள் யாவும் வளைவின் வரிசை எனப்படும் ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு செய்யப்படுகின்றன. பரவலாகப் பயன்படும் பி-256 வளைவுக்கு அந்த வரிசை 78 இலக்க எண்.

கையொப்பமிடுபவர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரகசிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, அடிப்படைப் புள்ளியை அதனால் பெருக்குகிறார். கிடைக்கும் புள்ளியின் கிடை ஆயத்தொலைவே கையொப்பத்தின் முதற்பாதியான 'ஆர்'. செய்தியின் சுருக்கமான ஹாஷ் எண்ணோடு, 'ஆர்' மதிப்பையும் தனிச்சாவியையும் பெருக்கிவந்த தொகையைக் கூட்டி, அந்த மொத்தத்தைத் தற்காலிக ரகசிய எண்ணால் வகுத்தால் இரண்டாம் பாதியான 'எஸ்' கிடைக்கிறது. இந்த இரண்டு எண்களின் இணைதான் கையொப்பம்.

சரிபார்ப்பவருக்குத் தனிச்சாவியும் தெரியாது, தற்காலிக ரகசிய எண்ணும் தெரியாது. எனவே அவர் வேறு வழியில் அதே புள்ளியை அடைய முயல்கிறார். 'எஸ்' மதிப்பின் நேர்மாறை, அதாவது 'எஸ்' மதிப்போடு பெருக்கினால் ஒன்று என்ற விடை தரும் எண்ணைக் கண்டு, அதை ஹாஷ் எண்ணால் பெருக்கி ஒரு பெருக்கெண்ணையும், 'ஆர்' மதிப்பால் பெருக்கி இன்னொரு பெருக்கெண்ணையும் பெறுகிறார். முதலாவதால் அடிப்படைப் புள்ளியையும் இரண்டாவதால் பொதுச்சாவியையும் பெருக்கிக் கூட்டுகிறார். கையொப்பம் உண்மையானதாக இருந்தால் இயற்கணிதப்படி அந்தக் கூட்டுத்தொகை, கையொப்பமிட்டவர் தொடக்கத்தில் பெற்ற அதே புள்ளியாகவே இருக்கும். அதன் கிடை ஆயத்தொலைவு 'ஆர்' மதிப்போடு பொருந்தும். பொருந்தினால் ஏற்பு, பொருந்தாவிட்டால் மறுப்பு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஆர்' இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் வருகிறது. உள்ளே இடப்படும் எண்களில் ஒன்றும் அதுதான், கடைசியில் விடையோடு ஒப்பிடப்படுவதும் அதுதான். கையொப்பத்தை அனுப்புபவரே கேள்வியின் ஒரு பகுதியையும், அதற்கான விடையையும் சேர்த்து அனுப்புகிறார் என்று சொல்லலாம். அதனால்தான் இந்த முறையின் மூத்த உறவான டிஎஸ்ஏ 1994இல் அமெரிக்கச் செந்தரமாக வெளியானபோதே, வேறெந்தக் கணக்கையும் தொடங்கும் முன் 'ஆர்', 'எஸ்' இரண்டும் பூச்சியத்தைவிடப் பெரியவையாகவும் வரிசையைவிடச் சிறியவையாகவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் உடனே நிராகரிக்க வேண்டும் என்று அது விதித்தது. ஈசிடிஎஸ்ஏ செந்தரங்களும் இதையே முதற்படியாக வைத்திருக்கின்றன. கையொப்பமிடுபவருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. 'ஆர்' பூச்சியமாக வந்துவிட்டால் அதைத் தள்ளிவிட்டு வேறு தற்காலிக எண்ணோடு மீண்டும் தொடங்க வேண்டும். காரணம் எளியது: 'ஆர்' பூச்சியமானால் அதோடு பெருக்கப்படும் தனிச்சாவி கணக்கிலிருந்தே மறைந்துபோகும். தனிச்சாவி கலவாத கையொப்பம் யார் வேண்டுமானாலும் இடக்கூடியது.

ஜாவா 15இல் விடுபட்டது இந்த முதற்படிதான். விடுபட்டதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு பாதிகளும் பூச்சியமாக ஒரு கையொப்பம் வருகிறது. பூச்சியத்துக்குப் பெருக்கல் நேர்மாறு கிடையாது என்பது பள்ளிக்கூடப் பாடம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. ஆகவே கணக்கு இங்கேயே தடுமாறி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நேர்மாறைக் காண அந்த நிரல் ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைப் பயன்படுத்தியது. ஒரு பகா எண்ணின் மீதிக் கணக்கில், ஓர் எண்ணை, அந்தப் பகா எண்ணைவிட இரண்டு குறைவான அடுக்குக்கு உயர்த்தினால் அதன் நேர்மாறு கிடைக்கும் என்பது அதன் பயன். பூச்சியம் அல்லாத எல்லா எண்களுக்கும் இது சரியான வழி. பூச்சியத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் பூச்சியமே வரும். இல்லாத நேர்மாறுக்குப் பதிலாகப் பூச்சியம் என்ற விடை, எந்த எச்சரிக்கையும் இன்றி அடுத்த படிக்குப் போனது.

அடுத்த படியில் இரண்டு பெருக்கெண்களும் பூச்சியம். அடிப்படைப் புள்ளியும் பொதுச்சாவியும் பூச்சியத்தால் பெருக்கப்படுகின்றன. செய்தியின் ஹாஷும் பொதுச்சாவியும் கணக்கிலிருந்து வெளியேறுவது இந்த இடத்தில்தான். அதனால்தான் இந்தப் போலிக் கையொப்பம் எந்தச் செய்திக்கும் எந்தச் சாவிக்கும் பொருந்துகிறது. கிடைப்பது முடிவிலிப் புள்ளி. எண்களில் பூச்சியம் வகிக்கும் இடத்தைப் புள்ளிகளில் வகிக்கும் ஒன்று. அதற்கு ஆயத்தொலைவு என்று ஒன்று கிடையாது. ஆனால் வேகத்துக்காகப் புள்ளிகளை மூன்று எண்களாக வைத்துக்கொண்டு, கடைசியில் மூன்றாவது எண்ணால் வகுத்து ஆயத்தொலைவைப் பெறுவது வழக்கம். முடிவிலிப் புள்ளிக்கு அந்த மூன்றாவது எண் பூச்சியம். மீண்டும் பூச்சியத்தின் நேர்மாறு, மீண்டும் ஃபெர்மாவின் தேற்றம், மீண்டும் பூச்சியம். ஆகவே கிடை ஆயத்தொலைவு பூச்சியம் என்று விடை வருகிறது. அதைக் கையொப்பத்தில் உள்ள 'ஆர்' மதிப்போடு நிரல் ஒப்பிடுகிறது. அதுவும் பூச்சியம். பொருந்திவிட்டது.

பூச்சியத்தோடு இது முடிவதில்லை. கணக்குகள் வரிசையால் வகுத்த மீதியில் நடப்பதால், வரிசைக்குச் சமமான எண்ணை அனுப்பினாலும் உள்ளே அது பூச்சியமாகவே மாறும். பூச்சியமா என்று மட்டும் பார்த்துத் தற்காலிகமாகத் தடுக்க முயல்வது போதாது. செந்தரம் கீழ் எல்லையோடு மேல் எல்லையையும் ஏன் சேர்த்துச் சொல்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

இப்படி ஒரு பிழை பழைய பதிப்புகளில் இல்லை. ஜாவா 14 வரை இந்தச் சரிபார்ப்பு, சி++ மொழியில் எழுதி ஜாவாவோடு இணைக்கப்பட்ட தனி நூலகம் ஒன்றில் நடந்தது. அங்கே எல்லைச் சோதனை இருந்தது. 2020 செப்டம்பரில் வெளியான ஜாவா 15இல் அந்தப் பகுதி ஜாவா மொழியிலேயே மாற்றி எழுதப்பட்டது. மாற்றியது தவறு என்று நான் கருதவில்லை. சி, சி++ நிரல்களில் நினைவகத்தைக் கையாள்வதில் நேரும் பிழைகள் பாதுகாப்புக் குறைகளுள் மிகப் பெரும் பங்கு வகிப்பவை. ஜாவா அவற்றைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. புதிய நிரலின் கணிதமும் தரமானது. எந்த உள்ளீட்டுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும்படி, இப்படி வந்தால் இதைச் செய், அப்படி வந்தால் அதைச் செய் என்ற கிளைகள் இல்லாமல் அது எழுதப்பட்டிருந்தது. கணக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து தனிச்சாவியை ஊகிக்கும் தாக்குதல்கள் உண்மையில் நடந்திருக்கின்றன. அவற்றுக்கு எதிரான தற்காப்பு அது.

ஆனால் அந்தத் தற்காப்பே இங்கே இன்னொரு பாதுகாப்பை அமைதியாக நீக்கிவிட்டது. கிளைகள் உள்ள பழைய பாணி நிரலில் பூச்சியத்தின் நேர்மாறைக் கேட்டால் எங்காவது ஓரிடத்தில் பிழைச்செய்தி எழும்பியிருக்கும். ஜாவாவிலேயே பேரெண்களுக்கென்று இருக்கும் வழக்கமான நேர்மாறுச் செயல்பாடு, பூச்சியத்தைக் கொடுத்தால் கணக்கை நிறுத்திப் பிழை என்று அறிவிக்கும். புதிய நிரலில் புள்ளிகளைக் கூட்டும் சூத்திரங்கள், முடிவிலிப் புள்ளி உட்பட எல்லாப் புள்ளிகளுக்கும் விதிவிலக்கின்றி வேலை செய்யும் முழுமையான சூத்திரங்கள். நேர்மாறோ அடுக்குமுறையில் காணப்படுவது. விதிவிலக்கே இல்லாமல் ஓடும் கணக்கில் விதிவிலக்கான உள்ளீடு இடறி விழுவதற்கு இடமில்லை. எல்லைச் சோதனை விடுபட்டாலும் தற்செயலாகப் பிடித்துக்கொடுக்கக்கூடிய சிறு தடைகள்கூட அங்கே எஞ்சவில்லை.

கையொப்பமிடும் பகுதியில் ரகசியம் இருக்கிறது. அங்கே நேரத்தைச் சமன்படுத்துவது கட்டாயம். சரிபார்க்கும் பகுதியிலோ செய்தி, கையொப்பம், பொதுச்சாவி என எல்லாமே வெளிப்படையானவை. காக்க வேண்டிய ரகசியம் என்று அங்கே எதுவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே கணித அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்வது நிரலாளருக்கு இயல்பான முடிவுதான். ஆனால் இரண்டின் தேவைகளும் வேறு. கையொப்பமிடுபவர் தன் சொந்த எண்களை நம்பலாம். சரிபார்ப்பவர் தன்னிடம் வரும் எண்களைப் பகைவர் அனுப்பியவை என்றே எண்ணித் தொடங்க வேண்டும். இந்த வேறுபாடு மாற்றி எழுதும்போது மறக்கப்பட்டது என்பதே என் வாசிப்பு.

சோதனைகளில் இது ஏன் அகப்படவில்லை? ஒரு சரிபார்ப்பு நிரலை எழுதியவர் முதலில் செய்யும் சோதனை, முறையாக இட்ட கையொப்பத்தை அது ஏற்கிறதா என்பது. அடுத்தது, அதில் ஓர் எழுத்தை மாற்றினால் மறுக்கிறதா என்பது. ஜாவா 15இன் நிரல் இரண்டிலும் தேறும். எண்களைக் குருட்டாம்போக்கில் மாற்றிக் கோடிக்கணக்கான முறை சோதித்தாலும், 78 இலக்கப் பரப்பில் இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் பூச்சியமாக விழ வாய்ப்பே இல்லை. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க, பூச்சியத்தை வேண்டுமென்றே எழுதிப் பார்த்திருக்க வேண்டும். அப்படி எழுதிவைத்த சோதனைத் தொகுப்பும் இல்லாமல் இல்லை. குறியாக்க நூலகங்களில் அடிக்கடி நேரும் தவறுகளைத் தேடிப் பிடிப்பதற்காகக் கூகிளின் பாதுகாப்புப் பொறியாளர்கள் 2016இல் வைச்புரூஃப் என்ற திட்டத்தை வெளியிட்டனர். எட்டிவிடக்கூடிய இலக்கு என்பதைக் குறிக்க, உலகின் மிகச் சிறிய மலை என்று சொல்லப்படும் ஆஸ்திரேலியக் குன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். பூச்சியம், வரிசைக்குச் சமமான எண் போன்ற எல்லை மதிப்புகளைக் கொண்ட கையொப்பங்கள் அதன் ஈசிடிஎஸ்ஏ தொகுப்பில் இருக்கின்றன. வெளியீட்டுக்கு முன் ஒருமுறை அதை ஓட்டியிருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும். மேடனும் தன் விளக்கத்தில் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார்.

இந்தக் கையொப்பங்கள் இணையத்தில் எங்கெல்லாம் நம்பிக்கையின் அச்சாணியாக இருக்கின்றன என்பதை அறிந்தால்தான் பிழையின் பரப்பு விளங்கும். ஒரு தளத்தில் உள்நுழைந்தபின் நமக்குத் தரப்படும் ஜேடபிள்யூடி எனும் அடையாள டோக்கன், 'இவர் இன்னார், இவருக்கு இந்த உரிமைகள் உண்டு' என்று சொல்லும் சிறு கோப்பு. அதன் நம்பகத்தன்மை முழுவதும் கடைசியில் உள்ள கையொப்பத்தைப் பொறுத்தது. அங்கே கையொப்பம் 64 பைட்டுகள். எல்லாம் பூச்சியமானால், டோக்கனில் அது 86 முறை அடுத்தடுத்து வரும் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தாகத் தெரியும். பாதிக்கப்பட்ட ஜாவாவின் மேல் ஓடி, இடையில் வேறு சோதனையும் இல்லாத சேவையகம் ஒன்றிடம், டோக்கனில் நிர்வாகியின் பெயரை எழுதி அந்த 86 எழுத்துகளை ஒட்டி அனுப்பினால், அது நிர்வாகியாகவே வரவேற்கும். நிறுவனங்களில் ஒருமுறை உள்நுழைந்து பல செயலிகளைப் பயன்படுத்த உதவும் எஸ்ஏஎம்எல், ஓப்பன்ஐடி கனெக்ட் ஆகியவற்றிலும், கடவுச்சொல்லுக்குப் பதில் சிறு வன்பொருள் சாவியைப் பயன்படுத்தும் வெப்ஆத்தன் முறையிலும் ஈசிடிஎஸ்ஏ பரவலாகப் பயன்படுகிறது. பாதுகாப்பை உயர்த்த நினைத்து வன்பொருள் சாவிக்கு மாறியவர்களின் கணக்கும், சேவையகப் பக்கத்தில் ஜாவா இருந்தால், கடவுச்சொல்லை மட்டும் நம்பிய கணக்கைவிட எளிதாகத் திறக்கக்கூடியதாக இருந்திருக்கும். இதை நினைக்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

ஜாவா நிரல் ஒன்று வேறொரு தளத்தோடு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும்போதும் இதே ஆபத்து உண்டு. அந்தத் தளத்தின் சான்றிதழ் பொதுவெளியில் இருப்பது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். சான்றிதழுக்குரிய தனிச்சாவி தன்னிடம் இருக்கிறது என்று தளம் நிரூபிப்பது, இணைப்பின் தொடக்கத்தில் இடும் கையொப்பத்தின் மூலம்தான். நடுவில் நிற்கும் ஒருவர் உண்மையான சான்றிதழைக் காட்டி, கையொப்பத்தின் இடத்தில் பூச்சியங்களை வைத்தால் போதும். திருத்தம் வெளியான சில நாட்களிலேயே இதைச் செயல்படுத்திக் காட்டும் நிரலும் பொதுவெளியில் வந்துவிட்டது. அத்தகைய இணைப்புகளில் கையொப்பம் வேறொரு வடிவில் பொதியப்படுகிறது. பூச்சியக் கையொப்பம் அந்த வடிவில் 30 06 02 01 00 02 01 00 என்ற எட்டே பைட்டுகள்.

2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில், ஆய்வாளர்கள் சிலர் சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியில் தற்காலிக ரகசிய எண் ஒவ்வொரு முறையும் மாறாமல் ஒன்றாகவே இருந்ததைக் காட்டினார்கள். அதனால் தனிச்சாவியையே கணக்கிட்டு எடுத்துவிட முடிந்தது. அதுவும் ஈசிடிஎஸ்ஏ பிழைதான். ஆனால் அங்கே தவறு கையொப்பமிட்டவர் பக்கம். அத்தகைய தவறு நேர்ந்தால் சாவியை மாற்றிப் புதிதாகத் தொடங்கும் வழியாவது பெரும்பாலான அமைப்புகளுக்கு உண்டு. ஜாவாவின் பிழையில் எந்தச் சாவியும் வெளியே கசியவில்லை. சாவியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. எல்லாச் சாவிகளுக்கும் ஒரே போலிக் கையொப்பம் பொருந்தியது. சரிபார்க்கும் ஜாவாவைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பிழையின் கடுமைக்கு ஆரக்கிள் பத்துக்கு 7.5 என்று மதிப்பெண் கொடுத்தது. தகவல்களின் உண்மைத்தன்மை மட்டுமே பாதிக்கப்படுகிறது, ரகசியத்தன்மையோ இயக்கமோ நேரடியாகப் பாதிக்கப்படவில்லை என்பது அந்த மதிப்பீட்டின் தருக்கம். மேடன் பணிபுரிந்த ஃபோர்ஜ்ராக் நிறுவனம் இதைப் பத்துக்குப் பத்து என்று மதிப்பிட்டது. நான் ஃபோர்ஜ்ராக்கின் பக்கமே நிற்பேன். கையொப்பச் சரிபார்ப்பைத் தனித்து நிற்கும் ஒரு செயல்பாடாகப் பார்த்தால் 7.5 நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அது தனித்து நிற்பதே இல்லை. நிர்வாகியாக உள்நுழைந்தவர் ரகசியக் கோப்புகளைப் படிக்கவும் முடியும், சேவையகத்தை நிறுத்தவும் முடியும். மொழியோடு வரும் நூலகத்தின் பிழையை அதன் மேல் கட்டப்பட்டவற்றிலிருந்து பிரித்து அளப்பது, அடித்தளத்தின் விரிசலை மேல்மாடியைக் கணக்கில் எடுக்காமல் அளப்பதுபோல.

ஆரக்கிளின் முதல் அறிவிப்பு 7, 8, 11 ஆகிய பழைய பதிப்புகளையும் பாதிக்கப்பட்டவையாகக் குறிப்பிட்டு, பின்னர் திருத்தப்பட்டது. அந்தப் பதிப்புகளில் பழைய சி++ நிரலே இருந்ததால் இந்தப் பிழை அவற்றில் இல்லை. அதுவரை புதுப்பிக்காமல் ஜாவா 8இலேயே தங்கியிருந்த நிறுவனங்கள் இந்த ஒரு பிழையிலிருந்து தப்பின. அறிவுரைப்படி 2021 செப்டம்பரில் வெளியான நீண்டகால ஆதரவுப் பதிப்பான 17க்கு மாறியவை சிக்கின. ஜாவாவின் உள்ளமைந்த நூலகத்துக்குப் பதிலாக பவுன்சி காசில் என்ற தனி நூலகத்தின் வழியே ஈசிடிஎஸ்ஏ சரிபார்ப்பைச் செய்தவையும் தப்பின. எல்லைச் சோதனை அங்கே இருந்தது.

இதே தவறு ஜாவாவை உருவாக்கியவர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2021 நவம்பரில், மேடன் ஆரக்கிளுக்கு எழுதிய அதே மாதத்தில், ஸ்டார்க் பேங்க் என்ற நிறுவனம் பைத்தான், ஜாவா உள்ளிட்ட ஐந்து மொழித்தளங்களுக்காக வெளியிட்டிருந்த ஈசிடிஎஸ்ஏ நூலகங்களில், பூச்சியக் கையொப்பம் ஏற்கப்படுவதைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்சிசி குழுமத்தினர் வெளிப்படுத்தினார்கள். ஐந்துக்கும் தனித்தனி சிவிஇ எண்கள் தரப்பட்டன. கணிதத்தின் கடினமான பகுதியைச் சரியாக எழுதிவிட்டு, செந்தரத்தின் முதல் வரியாக நிற்கும் எளிய நிபந்தனையை விட்டுவிடுவது, திறமையுள்ள கைகளுக்கும் எளிதாக நேர்கிறது என்பதையே இது காட்டுகிறது.

திருத்தம் சிறியது: இரண்டு எண்களும் ஒன்றுக்கும் வரிசைக்கு ஒன்று குறைவான எண்ணுக்கும் இடையில் இருக்கின்றனவா என்ற அதே சோதனை, கணக்குக்கு முன்னால் மீண்டும் வைக்கப்பட்டது. 17.0.3, 18.0.1 ஆகிய வெளியீடுகளில் அது வந்தது. 15, 16 ஆகிய பதிப்புகளுக்கு ஆரக்கிளின் ஆதரவு அதற்கு முன்பே முடிந்துவிட்டதால், அவற்றைப் பயன்படுத்தியவர்கள் திருத்தம் பெற்ற புதிய பதிப்புக்கு நகர வேண்டியிருந்தது. ஜாவா 15 வெளியானதற்கும் இந்தத் திருத்தத்துக்கும் இடையே 19 மாதங்கள். அந்தக் காலத்தில் எந்தச் சேவையகத்திலாவது யாராவது இரண்டு பூச்சியங்களோடு உள்ளே நுழைந்திருந்தால், பதிவேட்டில் அது பெரும்பாலும் ஒரு வழக்கமான வெற்றிகரமான உள்நுழைவாகவே இருக்கும். கையொப்பம் சரிபார்க்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்யும் செயலிகள், எந்தப் பைட்டுகள் கையொப்பமாக வந்தன என்பதைப் பொதுவாகச் சேமித்துவைப்பதில்லை.